பெட்டியில் இல்லாத வாடை

மூக்கம்மா தலையாட்டினால்தான் பெட்டி உள்ளே போகும். இல்லையென்றால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான். துறைமுகத்தை ஒட்டியிருந்த அந்த இறால் ஷெட்டில் அவளுக்கு அப்படியொரு செல்வாக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. ஷெட்டில் மூக்கம்மா, வீட்டில் மூக்கு.

பார்ப்பதற்கு அது ஒரு வேலை மாதிரியே இருக்காது. கையுறையைக் கழற்றிவிட்டு ஐஸ் தூளுக்குள் விரலை விட்டு ஓர் இறாலை எடுப்பாள். தலை சேரும் இடத்தை நகத்தால் கீறி உள்ளங்கைக்குள் மூடிக்கொள்வாள். ஐஸில் கிடக்கும்வரை எந்த இறாலும் வாய் திறக்காது. கொஞ்சம் சூடு பட்டால்தான் உள்ளதைச் சொல்லும். பிறகு மூக்கருகே கொண்டுபோய் ஒரே ஒரு முறை மூச்சை இழுப்பாள். இரண்டாவது முறை இழுத்தால் மூக்கு பழகிப்போய்ப் பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. புதிதாய் வந்ததில் உப்புத்தண்ணீர் வாசம் அடிக்கும். அடுத்து லேசான தித்திப்பு. அதற்கடுத்து ஒன்றுமே இல்லாத ஒரு சப்பை நிலை. அந்தச் சப்பை நிலையைத் தாண்டினால் கவிச்சி. கவிச்சி தட்டிவிட்டால் முடிந்தது கதை.

எதைப் பார்த்தாலும் ஏன், எதனால் என்று குடைவது அவள் பிறவிக் குணம். மழை வருவதற்கு முன்னால் தகரக்கூரை ஏன் மணக்கிறது, புது ரப்பர் பூட்ஸுக்கும் பழைய பூட்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று உரிக்கிற மேசைப் பெண்களோடு தர்க்கம் பண்ணிக்கொண்டிருப்பாள். அந்த மேசையின் முனையில் நின்று உரிப்பவளுக்குப் பாட்டுக்காரி என்று பேர். குரல் ஒன்றும் பெரிதாக இருக்காது, ஆனால் நிறுத்தமாட்டாள்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் அது நடந்தது. நல்ல சரக்கு கொண்டுவரும் படகு என்று பெயரெடுத்த படகிலிருந்து பெட்டிகள் வந்திறங்கின. மூக்கம்மா முதல் பெட்டியில் எடுத்தாள். கவிச்சி. தள்ளிவைக்கச் சொன்னாள். அடுத்ததும் கவிச்சி. அதற்கடுத்ததும். சுவரோரம் பெட்டிகள் அடுக்கடுக்காக ஏறிவிட்டன. படகுக்காரர் வாசலில் நின்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "என்னம்மா இது, விடியக்காலம் புடிச்சதுன்றாரு. கண்ணு பளபளன்னு இருக்கு, ஓடு விறைப்பா இருக்கு. எதுக்குத் தள்ளுற?"

"வாடை வருது சார்."

"எங்க, குடு." அவர் ஒன்றை எடுத்துச் சூடுபடுத்தி மோந்தார். இன்னொன்றை மோந்தார். "எனக்கு ஒண்ணும் வரலையே. ஏ பாட்டு, நீ வா இங்க."

பாட்டுக்காரி பாட்டை நிறுத்திவிட்டு வந்தாள். மோந்தாள். மூக்கம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு அக்கா. கடல்ல முகத்தை வெச்ச மாதிரி இருக்கு."

மூக்கம்மா மறுபடி எடுத்து மோந்தாள். இறாலில் இல்லை. ஆனால் குனிந்து பெட்டியருகே உட்காரும்போதெல்லாம் வாடை வருகிறது. எழுந்து நின்றால் குறைகிறது. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சரி சார், உள்ள போகட்டும்," என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் நடந்தாள்.

ஷெட்டில் கழிப்பறைக்குப் போவது லேசுப்பட்ட காரியமில்லை. ஏப்ரனைக் கழற்ற வேண்டும், பூட்ஸை மாற்ற வேண்டும், திரும்பி வரும்போது மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக் கையைக் கழுவ வேண்டும். அதற்குப் பயந்து பாதிப்பேர் தண்ணீரே குடிப்பதில்லை. மூக்கம்மா கதவைத் தாழிட்டு, பாவாடையைத் தூக்கி உட்கார்ந்தாள். மூச்சை ஒரே ஒரு முறை இழுத்தாள்.

பெட்டியில் இல்லாத கவிச்சி அவளிடம் இருந்தது.

அப்போதும் உள்ளே ஒரு மூலையில் அவளுக்கு வழக்கமான குடைச்சல் தொடங்கிவிட்டது. இறால் வாடை எப்படி இங்கே வந்தது? ஏப்ரன் வழியாக ஊறி இறங்கிவிட்டதா? உள்ளாடையில் சாம்பல் பூத்த மாதிரி, தண்ணியாக, ஒரு கறை இருந்தது. வெள்ளைப்படுவது புதிதில்லை, இந்த நிறமும் இந்த வாடையும்தான் புதிது.

அன்று முதல் அவள் தன் உடம்பையே ஒரு பெட்டி மாதிரி சோதிக்க ஆரம்பித்தாள். ஷெட் வாடைதான் என்றால் விடுமுறை நாளில் போக வேண்டும். போகவில்லை. கையில் அடிக்கிற இறால் வாடை சோப்புக்குப் போய்விடுகிறது. இது சோப்புப் போட்டால் தூக்கலாக வருகிறது. ஒருநாள் சோப்பு, ஒருநாள் வெறும் தண்ணீர் என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். மீன், முட்டை, வெங்காயம் என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். வெறும் சோறும் உருளைக்கிழங்கும் தின்று நாக்கு செத்ததுதான் மிச்சம். மாதவிடாய் முடிகிற நாட்களில் கூடியது. எல்லாவற்றையும்விட, புருஷனோடு இருந்துவிட்டு எழுந்தால் அறை முழுக்க அந்தக் கவிச்சிதான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் புள்ளியில்தான் ஆராய்ச்சி போய் அவமானம் வந்தது.

புருஷன் படகு இன்ஜின் மெக்கானிக். சாதுவான மனிதர், அதிகம் பேசமாட்டார். பேசினால் இன்ஜினைப் பற்றித்தான் பேசுவார். கல்யாணமான புதிதில், "உம் மூக்குக்கு முன்னாடி வர்றதுக்கே பயமா இருக்கு, நான் டீசல்ல ஊறினவன்," என்று சொன்னவர். இப்போது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். அவர் கை பட்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் ஏதாவது கேட்டால் முகத்தை அந்தப்பக்கம் திருப்பியே பதில் சொன்னாள். தன் வாடை அவருக்குப் போய்விடக் கூடாது என்று அவள் செய்ததெல்லாம், அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும் என்று அவளுக்கு உறைக்கவேயில்லை.

அவர் வேலை முடிந்து வந்ததும் குளிப்பவர், காலையிலும் குளிக்கத் தொடங்கினார். பிறகு சாப்பிட வருகிற மதியத்திலும். நகக்கண்ணில் இருக்கிற கிரீஸைப் பல்குச்சியால் நோண்டி எடுத்தார். ஒருநாள் தலைக்கு மல்லிகை மணக்கிற எண்ணெயும் கழுத்துக்கு ரோஜாப் பவுடருமாக வந்து நின்றார். வீட்டில் இருந்த மூன்றாவது ஆள் அவருடைய அக்கா. முன்னறையில் மிஷின் போட்டு ஷெட் பெண்களுக்கு ஏப்ரன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மிதியிலிருந்து காலை எடுக்காமலே சொன்னாள்:

"என்னடா, பொண்ணு பாக்கவா போற?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு மூலையில் உட்கார்ந்து தின்றார். மூக்கம்மா எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. துணி காயப்போடும் கயிற்றருகே ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏ மூக்கு, தினம் இத்தனை உள்பாவாடை எதுக்கு நனைக்கிற?"

"வேர்வைக்கா."

"எனக்குத் தெரியாத வேர்வையா? கீழ வாடை வருதா?"

மூக்கம்மா கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் சொட்டி நின்று வெகுநேரம் ஆகியும் முறுக்கினாள்.

"அட, அதைக் குடு, கிழிஞ்சிடப் போகுது. இதுக்குப் போய் ஏன் முழிக்கிற? பொம்பளையாப் பொறந்தா இருக்கறதுதான். சுத்தம் பத்தல, அவ்வளவுதான். எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு வெந்நீர்ல கலந்து உள்ள அலசு. அதுக்குக் கேக்கலன்னா நான் ஒரு லோஷன் தர்றேன். காயத்துக்கு ஊத்தறது. ஒரு மூடி ஊத்தினாப் போதும், எந்த வாடையும் நிக்காது."

"எரியாதாக்கா?"

"எரியும். எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"ஏன் எரியணும்?"

"இவ ஒருத்தி! எல்லாத்துக்கும் ஏன். ஊத்துடின்னா ஊத்து."

எலுமிச்சை ஊற்றினாள். தரையில் உட்கார முடியாமல் அரைமணி நேரம் நின்றுகொண்டே இருந்தாள். லோஷன் ஊற்றினாள். இரண்டு நாள் வாடை இல்லை. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி மணந்தது. மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. இப்போது எரிச்சலும் சேர்ந்துகொண்டது. "பத்தல, தினம் ஊத்து," என்றாள் அக்கா. தினமும் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மெக்கானிக் வாய் திறந்தார். அக்கா கடைக்குப் போயிருந்தாள். அவர் குளித்துவிட்டுத் துண்டோடு நின்றார்.

"மூக்கு, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு."

"என்னங்க?"

"நான் நாறுறேனா?"

அவள் திகைத்துப்போனாள். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான் வந்தா ஜன்னலைத் திறக்குற. மூஞ்சியத் திருப்பிக்கிற. நானும் எத்தனை சோப்புதான் மாத்துறது? நேத்து மண்ணெண்ணெய் போட்டே தேய்ச்சேன், தோல் உரிஞ்சு போச்சு பாரு."

முழங்கையைக் காட்டினார். சிவந்திருந்தது. இல்லை, நாறுவது நான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்து அவர் என்ன செய்வார்? மோந்து பார்ப்பாரே. அந்த எண்ணத்திலேயே வார்த்தை உள்ளே போய்விட்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க," என்றாள். சொல்லும்போதே, பழக்கத்தில், முகம் அந்தப்பக்கம் திரும்பிவிட்டது.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். பிறகு பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு, "பெரிய இன்ஜின் ஒண்ணு வந்திருக்கு, பக்கத்துலயே இருந்து பாக்கணும்," என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனார். அன்றிலிருந்து அங்கேயே படுத்தார்.

அந்த வாரத்திலேயே ஷெட்டிலும் இடி விழுந்தது. வாடை வந்தாலும் அது தன் வாடைதான் என்று மூக்கம்மா முடிவுகட்டிவிட்டிருந்தாள். ஒரு பெட்டியில் கவிச்சி அடித்தது. நம்மிடமிருந்துதான் வருகிறது என்று தலையாட்டி உள்ளே அனுப்பினாள். அது நிஜமாகவே கெட்ட சரக்கு. வேகவைக்கிற இடத்தில் மூடியைத் திறந்ததும் கொப்பரைப் பக்கம் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நல்ல சரக்கும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போனது.

சூப்பர்வைசர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உடம்பு சரியில்லையாம்மா? கொஞ்ச நாள் உரிக்கிற மேசையில நில்லு. மூக்கு சரியானதும் பாக்கலாம்," என்றார்.

பாட்டுக்காரிக்கு எதிரே நின்று இறால் உரித்தாள். ஓடு குத்தி விரல் நுனியெல்லாம் புண். பாட்டுக்காரி பாடாமல் ரகசியமாகக் கேட்டாள். "அக்கா, சளி புடிச்சா மூக்கு போயிடுமாமே. ஆவி புடிச்சுப் பாத்தியா?"

"மூக்கு போகல," என்றாள் மூக்கம்மா. சொன்ன பிறகு அந்தச் சொல்லையே யோசித்தாள். போகவில்லைதான். அன்றைக்குக் கெட்ட பெட்டியைக் கெட்டது என்றுதானே மூக்கு சொன்னது? அதற்கு முன்னால், பெட்டியில் இல்லையென்றாலும் எங்கேயோ கவிச்சி இருந்தது உண்மைதானே? மூக்கு இரண்டு தடவையும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. இரண்டும் ஏன் ஒரே வாடை? அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் தெரிந்தவர்கள் எங்கேயாவது இருக்க வேண்டும்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பெண்கள் மருத்துவமனைக்குப் போனாள். அக்காவிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டருக்கு அவள் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தாள்.

"என்ன தொந்தரவு?"

"என் மேல கெட்டுப்போன இறால் வாடை அடிக்குது டாக்டர்."

"இறால் கம்பெனில வேலையா?"

"ஆமா. ஆனா அந்த வாடை வேற, அது கைல வர்றது. இது கீழேர்ந்து வருது. அது சோப்புப் போட்டா போயிடுது. இது சோப்புப் போட்டா கூடுது."

டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். "சோப்புப் போட்டா கூடுதுன்னு எப்படித் தெரியும்?"

"போட்டுப் பாத்தேன். போடாமப் பாத்தேன். பீரியட்ஸ் முடியற சமயத்துல கூடுது. வீட்டுக்காரரோட இருந்துட்டு எழுந்தா கூடுது. சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, எல்லாம் நிறுத்திப் பாத்துட்டேன்."

"அரிப்பு, எரிச்சல்?"

"முன்னாடி இல்ல. எலுமிச்சம்பழமும் லோஷனும் ஊத்தினதுக்கு அப்புறம் எரியுது."

"எந்த லோஷன்?"

"காயத்துக்கு ஊத்தறது."

"உள்ளயா ஊத்தினீங்க?" டாக்டர் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க, படுங்க. பாத்துடலாம்."

கட்டில் உயரமாக இருந்தது. மூக்கம்மா கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், மூட முடியவில்லை. டாக்டர் பஞ்சுக்குச்சியில் எடுத்ததை ஒரு சின்னக் காகிதத்தில் தொட்டு நிறம் பார்த்தாள். ஷெட்டில் மருந்துத் தண்ணீரின் காட்டம் பார்க்க நனைக்கிற காகிதம் மாதிரியே இருந்தது. பிறகு ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். விட்ட கையோடு அதை மூக்கருகே கொண்டுபோய், ஒரே ஒரு முறை மூச்சை இழுத்தாள்.

மூக்கம்மா முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டாள்.

"டாக்டர், என்ன பண்றீங்க?"

"மோந்து பாக்கறேன்."

"நெசமாவா?"

"இதுக்கு இதுவும் ஒரு டெஸ்ட்தான். இந்தச் சொட்டு விட்டா உள்ள அடங்கியிருக்கற வாடை வெளிய வந்துடும்."

"நாங்க உள்ளங்கைல வெச்சுச் சூடு பண்ணுவோமே, அது மாதிரி."

"எதை?"

"இறாலை. எனக்கு அதுதான் வேலை. மோந்து பாத்துப் பெட்டிய உள்ள அனுப்பறது."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மூக்கம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளிப்பு இல்லை. மூக்கைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. தான் ஒரு பெட்டியருகே நிற்கும்போது தன் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அந்த முகமும் இருந்தது.

"நான் பாக்கலாமா டாக்டர்?"

இதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. டாக்டர் சிரித்துவிட்டாள். கண்ணாடித் துண்டை நீட்டினாள்.

மூக்கம்மா ஒரு முறை இழுத்தாள். "கவிச்சிதான். சந்தேகமே இல்ல. இந்தப் பெட்டிய நான் திருப்பி அனுப்பிடுவேன்."

"உங்க மூக்கு சரியாத்தான் சொல்லுது. மீன் கெடும்போது ஒரு பொருள் உண்டாகும், அதுதான் அந்த வாடை. உங்க உடம்புல சில கிருமிங்க அளவுக்கு மீறிப் பெருகிடுச்சு. அதுங்களும் அதே பொருளைத்தான் உண்டாக்குது."

"ரெண்டும் ஒண்ணா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

மூக்கம்மா அப்படியே மல்லாந்து படுத்துவிட்டாள். அழுகை வருமென்று எதிர்பார்த்தாள், வந்தது பசிதான். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த நல்ல பசி.

எழுந்து உட்கார்ந்ததும் கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன.

"எங்கேர்ந்து வந்துது? அவர்கிட்டேர்ந்தா? ஷெட்டு ஈரத்துலேர்ந்தா?"

"இன்னதுதான்னு விரல் நீட்ட முடியாது. நிறையப் பேருக்கு வரும். அழுக்கா இருக்கறதால வர்றது இல்ல, அதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க. நீங்க கழுவாதது தப்பில்ல, கழுவினதுதான் தப்பு. அங்க நல்ல கிருமிங்க இருக்கு. புளிப்பை உண்டாக்கி மத்ததை அண்ட விடாது. சோப்பும் லோஷனும் மொதல்ல அந்த நல்லதைத்தான் தொரத்தும்."

"எலுமிச்சையும் புளிப்புதானே? அது ஏன் ஒத்துக்கல?"

"நல்ல கேள்விதான். உடம்பு தானாச் செய்யற புளிப்பு மெதுவா, அளவா இருக்கும். நீங்க ஊத்தறது தோலைச் சுட்டுட்டு வழிஞ்சு போயிடும். போகும்போது மிச்சமிருக்கற நல்லதையும் அலசிக்கிட்டுப் போயிடும்."

"அப்போ வீட்ல நான் என்னதான் பண்ணணும்?"

"ரொம்பக் கொஞ்சம். வெளிய மட்டும் வெறும் தண்ணி. உள்ளே உடம்பே பாத்துக்கும். வாசனை சோப்பு, சென்ட், பவுடர் எதுவும் கிட்டப் போகக் கூடாது. பருத்தி ஜட்டி போடுங்க, நனைஞ்சா மாத்துங்க. மாத்திரை தர்றேன், ஒரு வாரம், நடுவுல நிறுத்தக் கூடாது. வாயெல்லாம் இரும்பு நக்கின மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. முடியற வரைக்கும் வீட்டுக்காரர் தள்ளியே இருக்கட்டும்."

"இப்பவே தள்ளித்தான் இருக்காரு," என்றாள் மூக்கம்மா.

"இன்னொண்ணு. இது திரும்ப வரலாம். வந்தா இங்க வாங்க, லோஷன் பாட்டிலைத் தேடாதீங்க. அப்புறம், லேசா ஒரு வாடை எல்லாப் பொம்பளைக்கும் உண்டு. அது உடம்போட வாடை, வியாதி இல்ல. எது எதுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

"வேணாம் டாக்டர்," என்றாள். "அது எனக்குத் தெரியும்."

மருந்துக் கடையிலிருந்து நேரே பட்டறைக்குப் போனாள். வழியில் ஒரு கடையில் இரண்டு பன்னும் டீயும் ஆயிற்று. பட்டறையில் மெக்கானிக் ஒரு படகு இன்ஜினுக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. பாதத்திலும் பவுடர் போட்டிருந்தார்.

"ஏங்க."

கால் அசையாமல் நின்றது. பிறகு ஆள் வெளியே வந்தார். வந்ததும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றார். "கிட்ட வராத, டீசல் கொட்டிடுச்சு."

"நீங்க கிட்ட வாங்க. உக்காருங்க."

"கியர் வேலைக்கு மாறிடலாம்னு இருக்கேன் மூக்கு. அதுல டீசல் கிடையாது. வெறும் கிரீஸ்தான்."

"நாறினது நீங்க இல்லைங்க. நான்."

அவருக்குப் புரியவில்லை. அவள் முதலிலிருந்து சொன்னாள். படகுக்காரரின் பெட்டி, கழிப்பறை, எலுமிச்சை, லோஷன், கண்ணாடித் துண்டு, டாக்டரின் மூக்கு. ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்ததையே துடைத்தார்.

"எனக்கு ஒரு வாடையும் தெரியலையே," என்றார் கடைசியில்.

"உங்களுக்கு டீசல் வாடையே தெரியாது."

"அதுவும் சரிதான்." கொஞ்சம் யோசித்தார். முகம் சுருங்கியது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நான் இங்க வந்து படுத்து, எலி காதைக் கடிச்சு, தெரியுமா உனக்கு? எம் பொண்டாட்டிக்கு என்னைப் புடிக்காமப் போச்சுன்னு..."

"சொன்னா நீங்க மோந்து பாப்பீங்களேன்னு பயமா இருந்துது."

"மோந்தாலும் எனக்குத் தெரியாதேடி!"

அவள்தான் முதலில் சிரித்தாள். அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கப்போய் முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் பாய் வீட்டுக்குத் திரும்பி வந்தது. தள்ளித்தான் விரித்தார்கள், டாக்டர் சொன்னபடி. ஆனால் இப்போது அவள் முகம் அவர் பக்கம் இருந்தது.

மாத்திரை சொன்னபடியே வேலை செய்தது. வாயில் இரும்பு. டீ இரும்பு, சோறு இரும்பு. வாரம் முடிவதற்குள் கவிச்சி மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் காலை இல்லவே இல்லை. அடுத்த வாரம் அவளே சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். அவர் நல்லதும் சுமாருமாகச் சில பெட்டிகளைக் கலந்து வைத்துச் சோதித்தார். மூக்கம்மா வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். சூப்பர்வைசர் உரிக்கிற மேசையிலிருந்த அவள் கையுறையை எடுத்து வந்து கொடுத்தார். பாட்டுக்காரி பின்னாலிருந்து பாட்டை ஏற்றிப் பாடினாள்.

வீட்டில் லோஷன் பாட்டில் பாக்கி இருந்தது. தரை துடைக்கிற வாளியில் அதை ஊற்றப் போனபோது மிஷின் நின்றது.

"அதை எதுக்குக் கொட்டுற?"

"டாக்டர் வேணாம்னுட்டாங்கக்கா. இதனாலதான் ஜாஸ்தியாச்சாம்."

பல்வலிக்குப் போகவில்லை என்பது அக்காவுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. மூக்கம்மா டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். அக்கா ஏப்ரனின் நாடாவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இடையில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதிர்க்காமல் இருப்பது அவள் குணமில்லை.

"பாட்டிலை இங்க குடு," என்றாள்.

"எதுக்குக்கா?"

"எனக்கு வேணும்."

மூக்கம்மா பாட்டிலோடு நின்றாள். அக்காவிடம் எப்போதும் லேசாக ஒரு லோஷன் வாசம் இருக்கும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அதை அக்காவின் வாசம் என்றே நினைத்திருந்தாள். இந்த மூக்கை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"எத்தனை காலமாக்கா?"

"எம் புருஷன் உசுரோட இருந்தப்பேர்ந்து." அக்கா ஊசிக்கு நூல் கோத்தாள். கோத்த நூலை உருவி மறுபடி கோத்தாள். "ஒருநாள் சண்டையில, நாத்தம் புடிச்சவளேன்னாரு. அன்னிக்கு ஊத்த ஆரம்பிச்சது. அவரு போனாரு. நான் நிறுத்தல."

"வாடை இருக்காக்கா?"

"இருக்கும். இல்லாமயா அப்படிச் சொல்லியிருப்பாரு?"

சனிக்கிழமை இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். முறை வந்ததும் அக்கா மூக்கம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அந்தம்மா நெசமாவே மோந்து பாக்குமா?"

"பாப்பாங்க."

"மூஞ்சியச் சுளிக்காதுல்ல?"

"சுளிக்கமாட்டாங்கக்கா. நான் கூட வரவா?"

"வேணாம்." அக்கா உடுப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, பரீட்சை எழுதப்போகிற மாதிரி உள்ளே போனாள்.

வெகுநேரம் கழித்து வந்தாள். கையில் ஒரு களிம்பு மட்டும் இருந்தது. மூக்கம்மா எழுந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"வாடையே இல்லையாம்." அக்கா களிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மோந்து பாத்துது. காகிதம் வெச்சுப் பாத்துது. பூதக்கண்ணாடியில பாத்துது. ஒண்ணும் இல்லையாம். லோஷன் ஊத்தி ஊத்தித் தோலு வெந்து போயிருக்காம், அதுக்கு இது."

"இப்போ இல்லையா, அப்பவுமே இல்லையா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். அப்போ இருந்துதான்னு இப்போ எப்படிச் சொல்ல முடியும்னுது. இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்." அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "அப்போ இத்தனை காலம் நான் எதைடி கழுவினேன்?"

மூக்கம்மா களிம்பை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் அக்காதான் முதலில் எழுந்தாள்.

பஸ்ஸில் எத்தனை இடம் காலியாக இருந்தாலும் பின்கதவருகே காற்றுப்பக்கமாக நின்றுகொண்டே வருவது அக்காவின் வழக்கம். உட்காரச் சொன்னால் இடுப்புப் பிடிக்கும் என்பாள். அன்று ஏறியதும் அவள் பின்கதவைப் பார்க்கவில்லை. நடுவில், ஒரு பருமனான அம்மாவுக்கும் பையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கும் இடையே கொஞ்சம் இடம் தெரிந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா," என்று சொல்லி, இருவருக்கும் நடுவே நெருக்கி உட்கார்ந்துகொண்டாள்.